ரேடியோஹெட்: முதலில் எந்த ஆல்பத்தைக் கேட்பது?

ரேடியோஹெட் என்ற பெயரை எங்கேயோ கேள்விப்பட்டு, எதிலிருந்து தொடங்கலாம் என்று விசாரிப்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விமர்சகர்களின் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைக் கேளுங்கள். அந்தப் பேச்சை நம்பி எடுத்த எடுப்பிலேயே 'கிட் ஏ'வைக் கேட்டுவிட்டு, இந்தக் குழு நமக்குச் சரிப்பட்டு வராது என்று ஒதுங்கிப் போனவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வேறு வழியில் உள்ளே வந்திருந்தால் வாழ்நாள் முழுக்க உடன் வைத்துக்கொள்ளக்கூடிய இசை அது. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இன் ரெயின்போஸ்'. ஆனால் மற்ற மூன்று ஆல்பங்களுக்கும் வலுவான வாதங்கள் இருக்கின்றன. சிலருக்கு என் பரிந்துரை பொருந்தாமலும் போகலாம். அதனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

குழுவைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஆபிங்டன் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர் 1985-இல் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். தாம் யார்க் பாடுகிறார். ஜானி கிரீன்வுட்டும் எட் ஓபிரையனும் கித்தார். ஜானியின் அண்ணன் காலின் பேஸ் கித்தார். பில் செல்வே டிரம்ஸ். இந்த ஐவரில் ஒருவர்கூட மாறாமல் 1993-க்கும் 2016-க்கும் இடையே ஒன்பது ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்திருக்கின்றன.

ஒன்பதில் ஐந்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். முதல் ஆல்பமான 'பாப்லோ ஹனி'யில் 'க்ரீப்' என்ற பாட்டைத் தாண்டி, பின்னால் வரப்போகிற குழுவின் அடையாளம் அதிகம் இல்லை. 'அம்னீசியாக்' 'கிட் ஏ'வின் உடன்பிறப்பு. அதைக் கேட்ட பிறகு கேட்க வேண்டியது. 'ஹெயில் டு த தீஃப்' நீளம், 14 பாட்டு, சில பாட்டுகளைக் குறைத்திருக்கலாம். 'தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்' ஏற்கெனவே அவர்களை நேசிப்பவர்களுக்கானது. 2016-இல் வந்த 'எ மூன் ஷேப்டு பூல்' மிக அழகான ஆல்பம். ஆனால் இந்தக் குழுவோடு பல வருடம் பழகியவருக்கு அது கொடுக்கும் கனம், இன்று அறிமுகமாகிறவருக்குக் கிடைக்காது. அதிலுள்ள கடைசிப் பாட்டை அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தவருக்குத்தான் அது முழுதாகப் போய்ச் சேரும்.

மிச்சம் நான்கு: 'தி பெண்ட்ஸ்' (1995), 'ஓகே கம்ப்யூட்டர்' (1997), 'கிட் ஏ' (2000), 'இன் ரெயின்போஸ்' (2007).

இந்த நான்கையும் விமர்சகர்கள் எப்படித் தரப்படுத்தினார்கள் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். 'ரோலிங் ஸ்டோன்' இதழ் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 2003-இல் வந்த முதல் பட்டியலில் 'தி பெண்ட்ஸ்' 110-ஆவது இடம். 'ஓகே கம்ப்யூட்டர்' 162. 'கிட் ஏ' எங்கோ பின்னால், 428-இல் கிடந்தது. அதே இதழ் 2020-இல் புதிதாக வாக்கெடுப்பு நடத்தி வெளியிட்ட பட்டியலில் 'கிட் ஏ' 20-ஆவது இடத்துக்கு ஏறிவிட்டது. 'ஓகே கம்ப்யூட்டர்' 42. 'தி பெண்ட்ஸ்' 276-க்கு இறங்கிவிட்டது. 'இன் ரெயின்போஸ்' 387.

இசைத்தட்டுகளில் ஒரு சுரம்கூட மாறவில்லை. பதினேழு ஆண்டுகளில் வரிசை தலைகீழாகிவிட்டது. வாக்களித்தவர்கள் மாறினார்கள், அவர்கள் வளர்ந்த காலம் மாறியது, கித்தார் இசையின் செல்வாக்கு குறைந்து கணினியில் செய்யும் இசை எங்கும் பரவியது. அந்தப் பரவலை முன்கூட்டியே தொட்ட ஆல்பத்துக்கு மதிப்பு ஏறியது. இது நியாயமான காரணம்தான். ஆனால் வரலாற்றில் ஒரு ஆல்பத்துக்கு என்ன இடம் என்ற கேள்விக்குத்தான் அது பதில். இன்று இரவு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காரப்போகிறவர் கேட்கும் கேள்வி வேறு.

விமர்சகர் ஒரு ஆல்பத்தைக் கேட்கும்போது அதற்கு முன்னால் வந்த எல்லாமே அவர் காதில் இருக்கின்றன. குழு எங்கே நின்றது, எவ்வளவு தூரம் தாவியது, அந்த வருடம் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார். புதிதாக வருகிறவரிடம் அந்த முன்கதை இல்லை. தாவலை ரசிக்க வேண்டுமானால் எங்கிருந்து தாவினார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு 'கிட் ஏ'வுக்கு வருவோம். விவாதமே அதைச் சுற்றித்தான்.

'ஓகே கம்ப்யூட்டர்' உலகெங்கும் கொண்டாடப்பட்ட பிறகு தாம் யார்க்குக்கு எழுத வரவில்லை. கித்தார் இசையின் மேலேயே சலிப்பு. வார்ப் நிறுவனம் வெளியிட்ட ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்றவர்களின் மின்னணு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாரிஸ், கோபன்ஹேகன், பிறகு இங்கிலாந்து என்று இடம் மாற்றி மாற்றிப் பதிவு செய்தார்கள். பாட்டு வரிகளைத் துண்டுத் தாள்களில் எழுதித் தொப்பிக்குள் போட்டு, கைக்கு வந்ததை எடுத்துக் கோத்தார். முதல் பாட்டில் கித்தாரே கிடையாது. ஒரு சின்தசைசர், பத்து எண்ணிக்கையில் சுற்றிவரும் தாளம், துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய குரல். இரண்டாவது பாட்டில் யார்க்கின் குரலை மனிதக் குரல் என்று நம்புவதே கடினம். மூன்றாவதில் ஒரே பேஸ் சுரவரிசை திரும்பத் திரும்ப வர, மேலே பித்தளை வாத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகின்றன. சார்லஸ் மிங்கஸின் ஜாஸ் அவர்கள் மனதில் இருந்தது. எட்டாவது பாட்டான 'இடியோடெக்' பால் லான்ஸ்கி 1970-களில் கணினியில் அமைத்த இசைத்துண்டு ஒன்றின் மேல் கட்டப்பட்டது.

இதற்கு வந்த விமர்சனங்கள் இரு துருவங்கள். அமெரிக்காவின் இணைய இசை இதழான 'பிட்ச்ஃபோர்க்' 10-க்கு 10 கொடுத்தது. பிரெண்ட் டிக்ரெசென்சோ எழுதிய அந்த விமர்சனம் அதன் உணர்ச்சிப் பெருக்குக்காகவே இன்றும் பேசப்படுகிறது. பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' இதழில் மார்க் பியூமான்ட் 5-க்கு ஒன்றரை போட்டுக் கிழித்துத் தோரணம் கட்டினார். நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி 'தி நியூ யார்க்கர்' இதழில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஆல்பம் கேட்பவரிடம் பொறுமையையும் பக்தியையும் கோருகிறது, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் வயதில் அவை இரண்டும் அருகிப்போகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அந்தக் கட்டுரைக்காக ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆல்பத்தின் தரத்தைப் பொறுத்தவரை காலம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. பத்தாண்டு முடிவில் 'பிட்ச்ஃபோர்க்'கும் 'ரோலிங் ஸ்டோன்'னும் 'கிட் ஏ'வையே அந்தப் பத்தாண்டின் முதல் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தன. நானும் அதை மகத்தான ஆல்பம் என்றே நினைக்கிறேன். 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி'யில் தந்தி வாத்தியங்கள் மெல்ல மெல்லத் தடம் புரண்டு மீண்டும் ஒன்றுகூடும் அந்தக் கடைசி ஒன்றரை நிமிடத்துக்கு ஈடாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அந்தத் தந்திப் பகுதியை ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் டார்செஸ்டர் தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டடத்தின் உயரம் ஒலியில் கேட்கிறது.

ஆனாலும் ஹார்ன்பி சொன்னதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. புதிதாக வருகிறவரிடம் பொறுமை இருக்கலாம். பக்தி இருக்க வழியில்லை. இந்தக் குரல் எப்படிப் பாடக்கூடியது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் குரலை அவர்களே சிதைப்பது அதிர்ச்சியாக இருக்கும். தெரியாதவருக்கு அது வெறும் விசித்திரம். 'கிட் ஏ'வைத் தொடக்கமாகப் பரிந்துரைக்க ஒரே ஒரு சாராரிடம்தான் எனக்குத் துணிவு வரும்: ஏற்கெனவே மின்னணு இசையில் ஊறியவர்கள். அவர்களுக்கு 'தி பெண்ட்ஸ்' பழைய காலத்துக் கித்தார் இரைச்சலாகப் படும். 'இடியோடெக்' முதல் முறையிலேயே பிடித்துவிடும். மற்றவர்கள் இதைப் பின்னால் வைத்துக்கொள்வதே நல்லது.

'ஓகே கம்ப்யூட்டர்' விஷயத்தில் முடிவு இவ்வளவு சுலபமில்லை. பெரும்பாலானவர்கள் கைகாட்டும் ஆல்பம் இதுதான். பாத் நகருக்கு அருகில், நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமான பழைய மாளிகை ஒன்றில் இதன் பெரும்பகுதி பதிவானது. தயாரிப்பில் அவர்களோடு இருந்தவர் நைஜல் காட்ரிச். பிறகு வந்த எல்லா ஆல்பங்களிலும் அவர் கை இருக்கிறது. முடிந்த ஆல்பத்தைக் கேட்ட அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் இது எங்கே விற்கப்போகிறது என்று விற்பனை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டது. நடந்ததோ வேறு. பிரிட்டனில் முதலிடம், கிராமியில் சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான விருது, பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பேழையிலும் இடம்.

எல்லோரும் பாராட்டினார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்க விமர்சகர்களில் மூத்தவரான ராபர்ட் கிறிஸ்ட்காவ் இதற்கு வெறும் 'பி மைனஸ்' கொடுத்தார். உலகமே குழம்பிப்போன 'கிட் ஏ'வுக்கு அவரே 'ஏ மைனஸ்' கொடுத்தார். பெரும்பான்மைக்கு நேரெதிரான இந்த வரிசை அவசரத்தில் போட்ட கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. 'ஓகே கம்ப்யூட்டர்' தன் முக்கியத்துவத்தைத் தானே அறிந்த ஆல்பம். சில இடங்களில் அந்தக் கனம் கேட்பவர் தோளில் வந்து உட்காரும். கணினிக் குரல் ஒன்று வாழ்க்கை அறிவுரைகளை ஒப்பித்துக்கொண்டே போகும் 'ஃபிட்டர் ஹேப்பியர்' இரண்டாவது முறை கேட்கும்போதே கருத்து விளக்கமாக மட்டும் நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்து வரும் 'எலெக்ஷனியரிங்' இந்த ஆல்பத்துக்கு ஏன் தேவைப்பட்டது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இத்தனை சொன்ன பிறகும், இதன் உச்சங்கள் மற்ற மூன்று ஆல்பங்களிலும் இல்லாத உயரம் கொண்டவை. 'பாரனாய்டு ஆண்ட்ராய்டு' ஆறரை நிமிடம் நெருங்கும் பாட்டு. தனித்தனியாகப் பிறந்த பகுதிகளை ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள். மெதுவான ஆரம்பம், நான்கு எண்ணிக்கைக்கு நடுவே ஏழு எட்டிப்பார்க்கும் சீற்றமான நடுப்பகுதி, பிறகு திடீரென்று தேவாலயப் பாட்டுப் போலக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பகுதி. 'லெட் டவுன்' இன்னும் நுட்பமானது. கித்தார் ஒரு எண்ணிக்கையில் போகும், மற்றவர்கள் வேறு எண்ணிக்கையில் போவார்கள். இரண்டும் விலகி விலகிச் சேரும். விமான நிலையங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் நாளைக் கழிக்கும் ஒருவனின் களைப்பு அந்த விலகலிலேயே இருக்கிறது. வரிகள் புரிய வேண்டிய அவசியமே இல்லை. 'லக்கி' போஸ்னியப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான நிதித் தொகுப்புக்காக 1995-இல் பதிவானது. இந்த ஆல்பம் எந்தத் திசையில் போகும் என்பதை அவர்களுக்கே காட்டிக்கொடுத்த பாட்டு அது.

53 நிமிடம், ஆரம்பம் முதல் இறுதிவரை ஒரே மனநிலை: வேகம், பதற்றம், தனிமை. அந்த மனநிலைக்குள் போகத் தயாராக இருப்பவருக்கு இது சரியான வாசல். பதின்ம வயதின் முடிவில் இருப்பவர்கள், புது ஊரில் முதல் வேலைக்குப் போய் அறையில் தனியாக இருப்பவர்கள் இதை முதலில் கேட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். மற்றவர்களுக்கு இது இரண்டாவது ஆல்பமாக இருக்கட்டும்.

'தி பெண்ட்ஸ்' பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை, ஏனென்றால் அது யாருக்கானது என்பது தெளிவு. கித்தார் ராக் கேட்டு வளர்ந்தவர் நீங்களானால், நிர்வாணாவும் யு2-வும் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், இதுவே உங்களுக்குக் கைகொடுக்கும். ஜான் லெக்கி தயாரித்தது. காட்ரிச் அப்போது ஒலிப்பொறியாளர்தான். 'ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்' பாட்டின் குரலை, லண்டனில் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு யார்க் பாடினார். அந்தப் பாதிப்பு குரலில் அப்பட்டமாகத் தெரிகிறது, அடக்கிவைத்த அழுகை கடைசிச் சரணத்தில் உடைகிறது. 'ஜஸ்ட்' பாட்டில் ஜானியின் கித்தார் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போவது இருபது வயதுப் பையன் ஒருவன் தன் திறமையைக் கண்டு தானே மகிழ்வதுபோல இருக்கும். கடைசிப் பாட்டான 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்' வரும்போது குழு எங்கே போகப்போகிறது என்பது புரிந்துவிடும்.

எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். இதைக் கேட்டுவிட்டு இதுபோலவே இன்னொன்று வேண்டும் என்று தேடுகிறவருக்கு ரேடியோஹெட்டிடம் பதில் இல்லை. அவர்கள் அந்தப் பாதையில் திரும்பிப் போகவே இல்லை. நல்ல ஆல்பம், ஆனால் குழுவின் மற்ற வேலைகளுக்கு அது உங்கள் காதைத் தயார் செய்யாது. 2003-இல் அதை 110-ஆவது இடத்தில் வைத்தவர்களுக்கு 1995 இன்னும் பக்கத்தில் இருந்தது. நமக்கு அது தூரத்தில் இருக்கிறது.

இப்போது 'இன் ரெயின்போஸ்'. இதன் துரதிருஷ்டம், இசையைவிட விற்பனை முறைதான் செய்தியானது. அதுவரை ஆல்பங்களை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்திருந்தது. 2007 அக்டோபர் 1 அன்று, பத்து நாளில் ஆல்பம் வருகிறது என்று அறிவித்தார்கள். அக்டோபர் 10 அன்று தங்கள் தளத்திலேயே கொடுத்தார்கள், விலையை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று. ஒன்றும் தராமலும் எடுத்துக்கொள்ளலாம். இசை வியாபாரத்தின் எதிர்காலம் பற்றி உலகமே பேசியது. பத்துப் பாட்டைப் பற்றிப் பேச நேரம் குறைவாகவே இருந்தது.

பேசியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். வெளியான சமயத்து விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி எடுக்கும் 'மெட்டாகிரிட்டிக்' கணக்கில் 'கிட் ஏ'வுக்கு 80, 'இன் ரெயின்போஸ்'ஸுக்கு 88. 'பிட்ச்ஃபோர்க்' 9.3 கொடுத்தது. அப்படியிருந்தும் எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் 387-ஆவது இடம். காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. இந்த ஆல்பத்தில் தாவல் இல்லை. அதுவரை கற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பயன்படுத்துகிறார்கள். வரலாற்றை எழுதுகிறவருக்கு அது முக்கியமாகப் படாது. கேட்கிறவருக்கு அதைவிட நல்ல விஷயம் இருக்க முடியாது.

முதல் பாட்டு '15 ஸ்டெப்'. தொடக்கத்தில் கேட்பது இயந்திரத் தாளம். ஐந்து எண்ணிக்கை. மேலை நாட்டு விமர்சகர்கள் இதைக் கோணலான தாளம் என்று எழுதுவார்கள். கண்ட சாபுவில் கீர்த்தனை கேட்டுப் பழகிய காதுக்கு இதில் கோணல் எதுவும் இல்லை. தகதகிட, தகதகிட என்று தொடையில் தட்டிக்கொண்டே போனால் பாட்டு வந்து தானாக அதில் உட்காரும். யார்க்கின் குரல் அந்த எண்ணிக்கையின் மேல் சறுக்கிச் சறுக்கிப் போகிறது. ஒவ்வொரு அடியும் எதிர்பார்த்த இடத்துக்கு அரைக்கணம் தள்ளி முடிகிறது. பிறகு கித்தார் நுழைகிறது, அதுவரை இறுகியிருந்த பாட்டு ஒரே நொடியில் தளர்ந்து விரிகிறது. நடுவில் குழந்தைகளின் கூச்சல் ஒன்று வரும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு இசைப்பள்ளிக் குழந்தைகளைக் கூப்பிட்டுப் பதிவு செய்தது. 'கிட் ஏ'வின் இயந்திரமும் 'தி பெண்ட்ஸ்'ஸின் கித்தாரும் சண்டையில்லாமல் ஒரே அறையில் இருப்பதை இந்த முதல் நான்கு நிமிடத்திலேயே கேட்டுவிடலாம்.

மூன்றாவது 'நியூட்'. 'ஓகே கம்ப்யூட்டர்' காலத்திலேயே எழுதப்பட்டு, மேடையில் பாடப்பட்டு, பதிவு செய்யத் திருப்தி வராமல் ஏறத்தாழ பத்தாண்டு காத்திருந்த பாட்டு. காலின் கிரீன்வுட்டின் பேஸ் கித்தார்தான் இங்கே பாட்டை நடத்துகிறது. மற்றவர்கள் ஒதுங்கி நின்று குரலுக்கு இடம் விடுகிறார்கள். இறுதியில் யார்க்கின் கள்ளக்குரல் மேலே ஏறி, சொற்களே இல்லாமல் நிற்கிறது. மெட்டை நம்பிப் பாட்டுக் கேட்பவர்கள், திரையிசையில் தந்திக் கோப்புகளைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகியவர்கள் இங்கே உள்ளே வந்துவிடுவார்கள். இதுவரை இந்த ஆல்பத்தை யாருக்குக் கொடுத்தாலும் முதலில் அவர்கள் திரும்பக் கேட்பது இந்தப் பாட்டைத்தான்.

அடுத்தது 'வியர்ட் ஃபிஷஸ்'. மூன்று கித்தார்கள் ஒவ்வொரு சுரமாகப் பிரித்து வாசிக்கின்றன. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழுகிறது. எது யார் வாசிப்பது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடியில் பில் செல்வேயின் டிரம்ஸ் நிற்காமல் ஓடுகிறது. ஏறக்குறைய மூன்றரை நிமிடத்தில் எல்லாம் அடங்கி, டிரம்ஸும் நின்று, மீண்டும் வேறு முகத்தோடு எழுகிறது. இதைச் சாதாரண ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இரண்டு காதிலும் கித்தார்கள் தனித்தனியாக வர வேண்டும், அப்போதுதான் அந்தப் பின்னல் தெரியும்.

ஏழாவதாக வரும் 'ரெக்கனர்' இந்தக் குழுவின் மொத்த வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. தாள வாத்தியங்களின் சலசலப்பு ஒரு திரைபோல முன்னால் தொங்குகிறது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. நடுவில் தாளம் முழுக்க நின்றுபோய்த் தந்தி வாத்தியங்கள் மட்டும் மிஞ்சும் இடத்தில் பின்னணிக் குரல்கள் பாடும் சொற்கள்தான் ஆல்பத்தின் பெயர். தாளம் திரும்பி வரும்போது அது முன்பு இருந்த அதே தாளம்தான், ஆனால் கேட்பவருக்கு அது புதிதாகக் கேட்கிறது. கோபமும் பதற்றமும் இல்லாமல் இந்தக் குழு இவ்வளவு ஆழமாகப் பேச முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. 'ஃபௌஸ்ட் ஆர்ப்' கேட்டு முடிப்பதற்குள் மறந்துபோகும். 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' கொஞ்சம் சோம்பலான பாட்டு. ஆனால் மொத்தமே 43 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதால் எந்தச் சோர்வும் நீடிப்பதில்லை. சாப்பாடு முடிந்து தூங்கப் போகும் முன் முழுதாக ஒரு முறை கேட்டுவிடலாம். வேலைக்குப் போகிறவரின் பொறுமையைப் பற்றி ஹார்ன்பி எழுப்பிய கேள்விக்கு ஏழு ஆண்டு கழித்துக் குழுவே தந்த பதிலாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, இங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம் என்பது. '15 ஸ்டெப்' பிடித்தவர் 'கிட் ஏ' பக்கம் போகலாம். 'பாடிஸ்னாச்சர்ஸ்' பாட்டின் கித்தார் முழக்கம் பிடித்தவர் 'தி பெண்ட்ஸ்'ஸுக்குப் போகலாம். 'நியூட்' பிடித்தவர் 'எ மூன் ஷேப்டு பூல்'லுக்கே நேராகப் போய்விடலாம். 'வீடியோடேப்' பாட்டின் தனிமை பிடித்தவருக்கு 'ஓகே கம்ப்யூட்டர்' காத்திருக்கிறது. மற்ற மூன்று ஆல்பங்களில் எதற்கும் இந்த வசதி இல்லை.

ஆங்கிலப் பாட்டின் வரிகள் பிடிபடாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யார்க் பாடுவது ஆங்கிலேயர்களுக்கே பாதி புரியாது. சொற்களை இழுத்து, மென்று, விழுங்கிப் பாடுகிறார். குரலும் ஒரு வாத்தியம் என்ற எண்ணத்தோடு கேட்டால் போதும். வரிகளைத் தேடிப் படிப்பது நான்கைந்து முறை கேட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை. முதலிலேயே படித்தால் கண் முந்திக்கொண்டு காது பின்தங்கிவிடும்.

வரிசையைக் கலைத்துக் கேட்காதீர்கள். செயலிகளில் இயல்பாகவே பாட்டுகள் மாறி மாறி வரும்படி இருந்தால் அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். நான்கு ஆல்பங்களுமே ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கத்துக்கு வழிவிடும்படி அடுக்கப்பட்டவை. 'பிரபலமான பாட்டுகள்' என்று செயலி காட்டும் வரிசையில் கேட்டால் 'க்ரீப்' முதலில் வந்து நிற்கும். அதை வைத்து இந்தக் குழுவை எடைபோடுவது அவர்களுக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நட்டம்.

வாங்குகிறவர்களுக்கு. 'ஓகே கம்ப்யூட்டர்' 2017-இல் 'ஓகேநாட்ஓகே' என்ற பெயரில் கூடுதல் பாட்டுகளோடு மறுபதிப்பானது. 'கிட் ஏ'வும் 'அம்னீசியாக்'கும் சேர்ந்து 2021-இல் 'கிட் ஏ ம்னீசியா' என்று மூன்று தட்டுகளாக வந்தன. இரண்டுமே நல்ல பதிப்புகள், ஆனால் முதல் அறிமுகத்துக்குத் தேவையில்லை. கூடுதல் பாட்டுகள் மூல ஆல்பத்தின் முடிவைக் குலைத்துவிடும். 'தி டூரிஸ்ட்' பாட்டின் கடைசி மணியோசையோடு 'ஓகே கம்ப்யூட்டர்' முடிய வேண்டும், அதன் பின்னால் வேறு எதுவும் வரக்கூடாது. 'இன் ரெயின்போஸ்'ஸுக்கும் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. அதிலுள்ள 'டவுன் இஸ் த நியூ அப்' அருமையான பாட்டுதான். முதல் தட்டு மனப்பாடம் ஆன பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.